பச்சை விளக்கு ஏற்றிய டாக்டர்

கழுத்தில் ஒரு கட்டி. வலி இல்லை. ஆனால், நாளுக்கு நாள் பெரிதாகிறது.

டாக்டர் அதிலிருந்து கொஞ்சம் சதையை எடுக்கிறார். மிக மெல்லிசாகச் சீவுகிறார். சாயம் ஏற்றுகிறார். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கிறார்.

புற்றுநோய் என்பது தெரிந்துவிடுகிறது. ஆனால், எந்தப் புற்றுநோய்?

கழுத்தில் நெறி கட்டும் இடங்கள் உண்டு அல்லவா? அந்த நெறிகளில் உள்ள வெள்ளை அணுக்களிலேயே பிறந்த புற்றா? அல்லது, நுரையீரலிலோ, வயிற்றிலோ, தொண்டையிலோ பிறந்து, கழுத்துக்கு வந்து குடியேறிய புற்றா?

முதலாவதற்கு ஒரு வைத்தியம். இரண்டாவதற்கு வேறு வைத்தியம். மாற்றிக் கொடுத்தால், மருந்தும் வீண், நாளும் வீண். நோயாளியின் உயிருக்கே ஆபத்து.

பார்த்துச் சொல்லலாம் என்றாலோ, புற்று முற்றிய செல்கள் உருக்குலைந்து கிடக்கின்றன. இதுவும் அதுவும் ஒன்று போலவே தெரிகின்றன. கண் தேர்ந்த டாக்டர்களே திணறிப் போவார்கள்.

இன்று அதற்கு ஒரு வழி இருக்கிறது. அந்தச் செல்லையே கேட்டுவிடுவது!

"நீ எந்த வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டால், அது பளிச்சென்று ஒளி விட்டுத் தன் வீட்டைக் காட்டிக்கொடுக்கும்.

இந்த வழியைத் திறந்து விட்டவர் ஓர் அமெரிக்க டாக்டர். அவர் பெயர் ஆல்பர்ட் கூன்ஸ். வைத்திய உலகில் அவரை அறியாதவர்கள் இல்லை. வெளி உலகில் அவரை அறிந்தவர்கள் குறைவு.

கையுறை ஊர்

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் குளோவர்ஸ்வில் என்று ஓர் ஊர் இருக்கிறது. "கையுறைக்காரர் ஊர்" என்று பொருள். பெயருக்கு ஏற்ற தொழில். தோல் பதனிடுவதும் கையுறை தைப்பதுமே ஒரு காலத்தில் ஊருக்குச் சோறு போட்டன. அமெரிக்கர்கள் மாட்டிக்கொண்ட தோல் கையுறைகளில் பெரும் பகுதி அங்கே தைத்ததுதான்.

அந்த ஊரில், 1912-ம் ஆண்டு ஜூன் 28-ந்தேதி கூன்ஸ் பிறந்தார்.

தோல் பதனிடும் இடத்தில் முதலில் என்ன செய்வார்கள்? தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போடுவார்கள். ரோமமும் அதோடு ஒட்டிய மேல் தோலும் இளகி வந்துவிடும். அதைச் சுரண்டி எறிந்துவிட்டு, அடித் தோலை மட்டும் பதப்படுத்துவார்கள். அதுதான் நாம் செருப்பாகவும் பையாகவும் பார்க்கும் தோல்.

அப்படிச் சுரண்டி எறியும் கழிவில் இருப்பது ஒரு புரதம். அதன் பெயர் கெராட்டின். முடி, நகம், கொம்பு, குளம்பு எல்லாம் கெராட்டின்தான்.

இந்தக் கெராட்டினை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் பின்பகுதியில் அது வரும்.

கூன்ஸ் வில்லியம்ஸ் கல்லூரியில் படித்து, 1933-ல் பட்டம் பெற்றார். பிறகு ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1937-ல் டாக்டர் ஆனார். பாஸ்டன் நகரத்தில் மாசசூசெட்ஸ் பொது ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றார்.

பெர்லின் கோடை

1939-ம் ஆண்டு கோடை காலம். கூன்சுக்கு வயது 27. ஒரு நண்பரைப் பார்க்க பெர்லின் நகரத்துக்குப் போயிருந்தார். கையில் சில வாரங்கள் ஓய்வு இருந்தது.

அப்போது ஜெர்மனி, ஹிட்லரின் கையில் இருந்தது. எந்த நேரத்தில் யுத்தம் வெடிக்குமோ என்று உலகம் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நகரத்தின் தெருக்களில் இந்த வாலிப டாக்டர் நடந்துகொண்டே இருந்தார். அவருடைய மனம் மட்டும் யுத்தத்தில் இல்லை. அது ஒரு நோயையே சுற்றிச் சுற்றி வந்தது.

அந்த நோய், வாதக் காய்ச்சல்.

குழந்தைகளுக்கு வரும் நோய் அது. முதலில் தொண்டை வலி. அது ஆறிவிடும். தாய் தந்தையர், "அப்பாடா" என்று மூச்சு விடுவார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வரும். முட்டி வீங்கும். அதுவும் ஆறும். ஆனால், உள்ளே இதயத்தின் வால்வுகள் கெட்டுப்போயிருக்கும். மாடிப்படி ஏற முடியாமல், ஓடி விளையாட முடியாமல், எத்தனையோ பிள்ளைகள் இளம் வயதிலேயே மாண்டுபோனார்கள்.

தொண்டைக்கு வரும் கிருமியின் பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அந்தக் கிருமிக்கும் இந்த இதய நோய்க்கும் தொடர்பு உண்டு என்று டாக்டர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால், எப்படித் தொடர்பு? அது தெரியவில்லை.

இறந்த குழந்தைகளின் இதயத்தை அறுத்துப் பார்த்தால், அதில் சின்னஞ்சிறு முடிச்சுகள் தெரியும். ஆஷாப் என்ற ஜெர்மானிய டாக்டர், 1904-ல் கண்டு சொன்னவை அவை. ஆஷாப் முடிச்சு என்றே பெயர்.

அந்த முடிச்சுக்குள் கிருமியின் துண்டு துணுக்கு ஏதாவது ஒளிந்திருக்கிறதா? இதுதான் கூன்சைக் குடைந்த கேள்வி.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். முழுக் கிருமியாக இருந்தால் தெரியும். நொறுங்கிய துணுக்கு எப்படித் தெரியும்? இடிந்துபோன வீட்டின் செங்கற்பொடியைப் பார்த்து, இது யார் வீடு என்று சொல்ல முடியுமா?

ஆனால், நம் உடம்புக்குச் சொல்லத் தெரியும்!

விளக்கு ஏந்திய போலீஸ்

ஒரு கிருமி உடம்புக்குள் புகுந்தால், உடம்பு சும்மா இருப்பது இல்லை. அந்தக் கிருமியைப் பிடிப்பதற்கு என்றே ஒரு பொருளை உண்டாக்குகிறது. அதற்கு எதிர்ப்பொருள் என்று பெயர்.

எதிர்ப்பொருள் ஒரு போலீஸ்காரர் மாதிரி. ஆனால், ஒவ்வொரு போலீசுக்கும் ஒரே ஒரு திருடனைத்தான் தெரியும். நிமோனியாக் கிருமியைப் பிடிக்கும் போலீஸ், காலராக் கிருமியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. தனக்கு உரிய திருடனைக் கண்டால், ஓடிப்போய்க் கெட்டியாகக் கட்டிக்கொள்ளும். திருடன் முழுதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அவன் சட்டையின் ஒரு கிழிசல் கிடந்தாலும் போதும். அதைப் பிடித்துக்கொள்ளும்.

சரி, பிடித்துக்கொண்டது. நமக்கு எப்படித் தெரியும்? எதிர்ப்பொருள் கண்ணுக்குத் தெரியாது. மைக்ராஸ்கோப்பிலும் தெரியாது. இருட்டில் நடக்கிற வேட்டை அது.

அந்தப் போலீஸ் கையில் ஒரு விளக்கைக் கொடுத்துவிட்டால்?

பெர்லினில் கூன்ஸ் மனத்தில் தோன்றிய எண்ணம் இதுதான். எதிர்ப்பொருளோடு ஒரு சாயத்தைப் பிணைக்க வேண்டும். அதை இதயச் சதையின் சீவல் மீது விட வேண்டும். எங்கே கிருமியின் துணுக்கு இருக்கிறதோ, அங்கே அது போய் ஒட்டும். மிச்சத்தைக் கழுவிவிட்டால், ஒட்டிய இடம் மட்டும் சாயமாகத் தெரியும்!

எவ்வளவு எளிய எண்ணம், பாருங்கள்! கேட்ட பிறகு, "இதை நாமே நினைத்திருக்கலாமே" என்று தோன்றும். அப்படித் தோன்றுவதுதான் நல்ல கண்டுபிடிப்பின் அடையாளம் போலும்.

அந்தக் கோடை முடிவதற்குள்ளேயே, செப்டம்பர் 1-ந்தேதி ஜெர்மனி போலந்து மீது படை எடுத்தது. இரண்டாம் உலக யுத்தம் மூண்டது.

சாயம் போதவில்லை

எதிர்ப்பொருளோடு சாயத்தைப் பிணைப்பது முற்றிலும் புதிது அல்ல. மாராக் என்ற ஆங்கில விஞ்ஞானி, 1934-லேயே சிவப்புச் சாயத்தைப் பிணைத்துக் காட்டியிருந்தார். சோதனைக் குழாயில் கோடிக்கணக்கான கிருமிகள் மொத்தமாகத் திரண்டபோது அது இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. ஆனால், மெல்லிய சதைச் சீவலில் ஒட்டும் எதிர்ப்பொருள் மிக மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் உள்ள சிவப்பு கண்ணுக்கே தட்டுப்படாது.

வேறு வழி வேண்டும். சாயம் நிறமாக இருந்தால் போதாது. அது ஒளி விட வேண்டும்!

சில பொருள்களுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் அவற்றின் மீது பட்டால், அவை கண்ணுக்குத் தெரியும் ஒளியை வெளியே விடும். பழைய டியூப் லைட்டில் நடப்பது இதுதான். குழாயின் உள்பக்கம் வெள்ளைப் பவுடர் பூசியிருக்கும். உள்ளே உண்டாகும் புற ஊதாக் கதிர் அதில் படும். பவுடர் வெள்ளை வெளிச்சம் விடும். கதிர் நின்றால், வெளிச்சமும் நின்றுவிடும்.

பகலில் ஆகாயத்தில் நட்சத்திரங்கள் இருந்தும் தெரிவது இல்லை. இரவில் தெரிகின்றன. அதுபோல, வெளிச்சத்தில் ஒரு சிறு சிவப்புப் புள்ளியைத் தேடுவதைவிட, இருட்டில் ஒரு சிறு ஒளிப் புள்ளியைத் தேடுவது எளிது.

கூன்ஸ் ஹார்வர்டுக்குத் திரும்பினார். கிருமிகளைப் பற்றி அங்கே ஆராய்ந்துகொண்டிருந்த ஜான் எண்டர்ஸ் அவருக்கு உதவினார். பின்னாளில், போலியோ வைரசை வளர்த்துக் காட்டி நோபல் பரிசு பெற்றவர் இந்த எண்டர்ஸ்தான்.

ஆனால், கூன்சுக்கு ரசாயனம் தெரியாது. அதே ஹார்வர்டில் லூயி பீசர் என்ற பெரிய ரசாயன நிபுணர் இருந்தார். கூன்ஸ் அவரிடம் போனார். பீசரோடு சேர்ந்தவர்கள் கிரீச், ஜோன்ஸ் என்ற இருவர். புற்றுநோய் ஆராய்ச்சிக்காக, புரதங்களோடு வேறு பொருள்களைப் பிணைக்கும் வித்தையை அவர்கள் கற்றிருந்தார்கள்.

பீசரைப் பற்றி ஒரு வார்த்தை. ரத்தம் உறைவதற்கு வேண்டிய வைட்டமின் கே-யைச் சோதனைச்சாலையில் செய்து காட்டியவர் அவர். நேபாம் என்ற எரிகுண்டுக் குழம்பை 1942-ல் உண்டாக்கியவரும் அவரே! ஒரே மனிதர்! ஒரே சோதனைச்சாலை! யுத்த காலம் அப்படிப்பட்டது.

முதல் முயற்சியில், ஆந்திரசீன் என்ற பொருளை எதிர்ப்பொருளோடு பிணைத்தார்கள். அது நீல ஒளி விட்டது. எதிர்ப்பொருளும் தன் வேலையை மறக்கவில்லை. விளக்கைத் தூக்கிக்கொண்டே திருடனைப் பிடித்தது! 1941-ல் இதை உலகுக்கு அறிவித்தார்கள்.

ஆனாலும் ஓர் இடைஞ்சல். சதைக்கே இயற்கையாக ஒரு நீல நிற மினுமினுப்பு உண்டு. புற ஊதாக் கதிர் பட்டால், சதையும் நீலமாக மின்னும். நீலத்துக்குள் நீலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

நதி காட்டிய நிறம்

அடுத்து அவர்கள் கையில் எடுத்தது புளூரசீன். இது பழைய சரக்கு. ஜெர்மானியரான பேயர் 1871-ல் செய்த சாயம்.

அதற்கு ஒரு சுவையான பழங்கதை உண்டு. ஜெர்மனியில் டான்யூப் நதி ஓரிடத்தில் பூமிக்குள் இறங்கி மறைந்துவிடுகிறது. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? 1877-ல் மறையும் இடத்தில் 10 கிலோ புளூரசீன் சாயத்தைக் கொட்டினார்கள். சுமார் 60 மணி நேரம் கழித்து, பல மைல் தள்ளி, ஆக் என்ற இடத்தின் ஊற்றில் தண்ணீர் பளபளவென்று பச்சையாகப் பொங்கியது! காணாமல் போன நதி அகப்பட்டுவிட்டது.

கண் டாக்டர்களும் இதைச் சொட்டாக விட்டுப் பார்ப்பது உண்டு. கருவிழியில் கீறல் இருந்தால், அந்த இடம் பச்சையாக ஒளிரும்.

சதையின் நீலத்தில் புளூரசீனின் பச்சை தனியாகத் தெரியும் அல்லவா? ஆனால், இதை எதிர்ப்பொருளோடு பிணைக்கும்படி மாற்றுவது லேசான காரியம் அல்ல. அதற்குப் பாஸ்ஜீன் என்ற வாயு வேண்டியிருந்தது. முதல் உலக யுத்தத்தில் ஆயிரக்கணக்கான சிப்பாய்களைக் கொன்ற விஷ வாயு அது. அதை வைத்துக்கொண்டுதான் வேலை செய்தார்கள்.

நிமோனியாக் கிருமியை எலிகளுக்கு ஏற்றினார்கள். எலியின் சதையைச் சீவினார்கள். பச்சை விளக்கு ஏந்திய எதிர்ப்பொருளை அதன் மீது விட்டுக் கழுவினார்கள். இருட்டறையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள்.

நீல இருட்டில் பச்சைப் பொறிகள்! கிருமியின் பொருள் எங்கே தங்கியிருந்ததோ, அந்த இடம் மட்டும் ஒளி விட்டது.

1942-ல் இந்தச் செய்தி வெளியாயிற்று. வைத்திய ஆராய்ச்சியில் ஒரு புதுக் கண் திறந்தது.

ஆனால், அதைக் கொண்டாட நேரம் இல்லை. அமெரிக்கா யுத்தத்தில் இறங்கிவிட்டது. கூன்ஸ் ராணுவ டாக்டராகத் தென் பசிபிக் கடல் பகுதிக்குப் போனார். அவருடைய விளக்கு ஹார்வர்டில் அணைந்து கிடந்தது.

மறுபடியும் ஹார்வர்டு

யுத்தம் முடிந்தது. கூன்ஸ் திரும்பி வந்தார். 1947-ல் திருமணம் நடந்தது.

மெல்வின் காப்ளான் என்ற டாக்டரோடு சேர்ந்து, தம் முறையைச் செப்பனிட்டார். 1950-ல் அதை வெளியிட்டார். அதற்குப் பிறகுதான் மற்ற விஞ்ஞானிகளின் பார்வை இந்தப் பக்கம் திரும்பியது.

1954-ல் தாமஸ் வெல்லர் என்பவரோடு சேர்ந்து ஒரு வேலை செய்தார். இரண்டு போலீசை அனுப்பும் தந்திரம் அது!

முதல் போலீசிடம் விளக்கு இல்லை. அது போய்த் திருடனைப் பிடித்துக்கொள்ளும். பிறகு இரண்டாவது போலீஸ் வரும். அதற்குத் திருடனைத் தெரியாது. முதல் போலீசைத்தான் தெரியும். அதைப் போய்க் கட்டிக்கொள்ளும். விளக்கு இரண்டாவது போலீசிடம் இருக்கும்.

இதில் என்ன லாபம்? நூறு திருடர்களைத் தேட நூறு விளக்குகள் செய்ய வேண்டியது இல்லை. ஒரே விளக்கு போதும்! ஒரு போலீசை இரண்டு மூன்று பேர் கட்டிக்கொள்வதால், வெளிச்சமும் கூடுதல்.

இந்தத் தந்திரத்தால், சின்னம்மையும் அக்கியும் ஒரே வைரசின் வேலை என்பதற்குப் பலமான சான்று கிடைத்தது. சின்னம்மை, சிறு பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் கொப்புளமாக வருவது. அக்கி, பெரியவர்களுக்கு ஒரு பக்கமாகப் பட்டை போல எரிச்சலோடு வருவது. இரண்டுக்கும் என்ன உறவு என்று டாக்டர்கள் நெடுங்காலம் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

1955-ல் இன்னொரு பெரிய கேள்விக்கு விடை சொன்னார். எதிர்ப்பொருளை உடம்பில் எந்த அணு செய்கிறது? பிளாஸ்மா செல் என்ற ஒரு வகை அணு என்று சிலர் சொல்லி வந்தார்கள். கூன்சும் அவருடைய கூட்டாளிகளும் விளக்கைப் பிடித்துக் காட்டினார்கள். எதிர்ப்பொருள், பிளாஸ்மா செல்லுக்குள்ளேயே நிறைந்து ஒளி விட்டது. சந்தேகம் தீர்ந்தது.

1958-ல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், புளூரசீனைப் புது விதமாக மாற்றினார்கள். விஷ வாயு பயம் இல்லாமல், புட்டியில் அடைத்து வைக்கும் பவுடராக அது கிடைத்தது. இதன் பிறகு, கூன்சின் விளக்கு ஊர் ஊராகப் போய்விட்டது.

அதே 1958-ல், வெறிநாய்க்கடிக்கு அதைப் பயன்படுத்தினார்கள். கடித்த நாய்க்கு வெறி உண்டா, இல்லையா? நாயின் மூளையில் ஒரு துளியை எடுத்து, ஒளிவிடும் எதிர்ப்பொருளை விட்டால், சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். இன்றும் உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட சோதனை அதுதான். கடிபட்ட பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு காத்திருக்கும் தாய்க்கு, சில மணி நேரம் என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

1959-ல் கூன்சுக்கு லாஸ்கர் பரிசு கிடைத்தது. 1962-ல் கனடாவின் கெய்ர்ட்னர் பரிசு கிடைத்தது. நோபல் பரிசு கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும் என்பது இதை எழுதுகிறவரின் எண்ணம்.

முதல் கேள்வி என்ன ஆயிற்று?

பெர்லின் தெருவில் குடைந்த கேள்வியை மறந்துவிட்டோமே! குழந்தைகளின் இதய முடிச்சில் கிருமி ஒளிந்திருந்ததா?

இல்லை!

கூன்சோடு வேலை செய்த காப்ளான், 1960-க்குப் பின் வந்த ஆண்டுகளில் அந்தப் புதிரைக் கிளறினார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியைப் பிடிக்க உண்டான எதிர்ப்பொருள், இதயச் சதையிலும் போய் ஒட்டிக்கொண்டு ஒளி விட்டது! கிருமியின் ஜாடை கொஞ்சம் இதயத்திலும் இருக்கிறது. உடம்பின் போலீஸ், ஜாடையைப் பார்த்து ஏமாந்து, வீட்டுக்காரரையே அடித்துவிடுகிறது. வாதக் காய்ச்சலில் இதயம் கெடுவது இப்படித்தான் என்று இன்று கருதுகிறார்கள்.

திருடனைத் தேடத்தான் கூன்ஸ் விளக்கு செய்தார். அந்த விளக்கு, போலீஸ் செய்த தவறைக் காட்டிக்கொடுத்தது.

இதே போன்ற இன்னொரு நோய் பெம்பிகஸ். தோலிலும் வாய்க்குள்ளும் பெரிய பெரிய கொப்புளங்கள் கிளம்பும். உடைந்து புண்ணாகும். சாப்பிட முடியாது. படுக்க முடியாது. 1950-க்கு முன், இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்தது இல்லை. ஏன் வருகிறது என்பதும் தெரியாது. 1964-ல் அமெரிக்காவில் பட்னர், ஜோர்டன் என்ற இருவர், நோயாளிகளின் ரத்த நீரை எடுத்து, தோல் சீவலின் மீது விட்டு, கூன்சின் முறைப்படி பார்த்தார்கள். தோலின் செல்களுக்கு நடுவே, மீன் வலை போலப் பச்சைக் கோடுகள்! செல்லையும் செல்லையும் ஒட்ட வைத்திருக்கும் பசையையே உடம்பின் எதிர்ப்பொருள் தாக்குகிறது என்பது இப்படித் தெரிய வந்தது.

கெராட்டின் வருகிறது

1978-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந்தேதி, பாஸ்டனை அடுத்த புரூக்லைனில் கூன்ஸ் காலமானார். அவருக்கு வயது 66.

அதே 1978-ல்தான், அவருடைய விளக்கு கெராட்டின் மீது விழுந்தது.

நம் உடம்பின் வெளியே போர்த்தியிருப்பது தோல். உள்ளேயும் ஒவ்வொரு குழாய்க்கும் பைக்கும் ஒரு போர்வை உண்டு. வாய், உணவுக் குழாய், குடல், மூச்சுக் குழாய், சிறுநீர்ப்பை எல்லாவற்றின் உள்பக்கமும் அது மூடியிருக்கிறது. இந்தப் போர்வைக்கு எபிதீலியம் என்று பெயர். மனிதனுக்கு வரும் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை, இந்தப் போர்வைச் செல்களில்தான் பிறக்கின்றன.

மாசசூசெட்சில் ஹோவர்டு கிரீனும், டுங் டியென் சுன் என்பவரும் மனிதத் தோல் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். தோலின் மேலடுக்கிலிருந்து கெராட்டினைப் பிரித்து, முயலுக்கு ஊசி போட்டார்கள். முயலின் ரத்தத்தில் கெராட்டினைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் உண்டாயிற்று. அதைச் செல்களின் மீது விட்டு, அதன் மேல் பச்சை விளக்கு ஏந்திய இரண்டாவது எதிர்ப்பொருளை விட்டார்கள்.

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நூல் நூலாக, சிலந்தி வலை பின்னியது போல ஒளி! கெராட்டின், முடியிலும் நகத்திலும் மட்டும் இருப்பது அல்ல. போர்வைச் செல்லின் உள்ளே அது சாரம் கட்டி நிற்கிறது. இழுத்தாலும் அழுத்தினாலும் செல் கிழிந்துபோகாமல் காப்பது அந்தச் சாரந்தான்.

அதே ஆண்டில், ஜெர்மனியில் பிராங்கே முதலியவர்களும் இதையே கண்டார்கள். அவர்கள் மாட்டின் மூக்கு நுனித் தோலிலிருந்து கெராட்டின் எடுத்தார்கள்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். பக்கத்தில் இருந்த மற்ற வகைச் செல்கள் ஒளி விடவில்லை. தசை இருட்டு. வெள்ளை அணு இருட்டு. போர்வைச் செல் மட்டும் ஒளி!

அது மட்டும் அல்ல. போர்வைச் செல் புற்றாக மாறினாலும், கெராட்டினைப் பெரும்பாலும் விடுவது இல்லை. பிறந்த இடத்தை விட்டு ஓடி, எலும்பிலோ, கழுத்து நெறியிலோ போய்க் குடியேறினாலும், உள்ளே பழைய வீட்டுச் சாரத்தைச் சுமந்துகொண்டே போகிறது.

கழுத்துக் கட்டிக்கு விடை இதுதான். கெராட்டின் ஒளிர்ந்தால், அது பெரும்பாலும் எங்கோ ஒரு போர்வையிலிருந்து வந்த புற்று. ஒளிராமல், வெள்ளை அணுவின் அடையாளங்கள் ஒளிர்ந்தால், நெறியிலேயே பிறந்த புற்று.

பிறகு, கெராட்டின் ஒன்று அல்ல, பல என்பதும் தெரிந்தது. மனித உடம்பின் போர்வைச் செல்களில் 19 வகை உண்டு என்று, 1982-ல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் பட்டியல் போட்டார்கள். முடி, நகம் எல்லாம் சேர்த்து, மனிதனுக்கு 54 கெராட்டின் ஜீன்கள் இருப்பதாக இன்று கணக்கு. ஒவ்வொரு உறுப்பின் போர்வைக்கும் ஒவ்வொரு ஜோடிச் சேர்க்கை. பெருங்குடலில் பிறந்த புற்றில், பெரும்பாலும் 20-ம் எண் கெராட்டின் இருக்கும், 7-ம் எண் இருக்காது. நுரையீரலின் ஒரு வகைப் புற்றில் இது தலைகீழ். ஆகவே, போர்வையிலிருந்து வந்தது என்பதோடு, எந்த ஊர்ப் போர்வை என்பதற்கும் துப்புக் கிடைக்கிறது. கெராட்டின் ஒன்றை மட்டுமே வைத்து டாக்டர்கள் முடிவு கட்டுவது இல்லை. இன்னும் பல அடையாளங்களையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

தொட்டாலே தோலில் கொப்புளம் எழும்பும் ஒரு பிறவி நோய் உண்டு. குழந்தை தவழ்ந்தால் முழங்காலில் கொப்புளம். நடந்தால் பாதத்தில் கொப்புளம். கெராட்டின் சாரத்தில் உள்ள பழுதே அதற்குக் காரணம் என்று 1991-ல் கண்டுபிடித்தார்கள். தோலின் அடி வரிசைச் செல்களில் அந்தச் சாரம் நொறுங்கிக் கட்டி கட்டியாகக் கிடந்தது.

இன்றும் எரிகிறது

இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் புற்றுக் கட்டிகளைச் சோதிக்கும்போது, பெரும்பாலும் பச்சை ஒளிக்குப் பதிலாகப் பழுப்பு நிறத்தைப் பயன்படுத்துகிறார்கள். 1966-ல் வந்த முறை அது. எதிர்ப்பொருளின் கையில் விளக்குக்குப் பதிலாக ஒரு நொதியைக் கொடுத்துவிடுகிறார்கள். அது ஒட்டிய இடத்தில் பழுப்புக் கறை உண்டாகும். சாதாரண மைக்ராஸ்கோப்பே போதும். கறை பல ஆண்டு அழியாது. கூன்ஸ் போட்ட பாதையில் வந்த பிள்ளைதான் இதுவும்.

ஆனால், சிறுநீரக நோய்க்கும், கொப்புள நோய்க்கும் பச்சை விளக்கையே இன்றும் தேடுகிறார்கள். கதவைச் சாத்தி, அறை விளக்கை அணைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அந்த ஒளி நெடுநேரம் நிற்காது. பார்க்கப் பார்க்க மங்கிக்கொண்டே போகும். அதனால், கண்ணில் பட்டவுடனே படம் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள்.